கூரத்து மண்டபமும் கூரத்தாழ்வான் மனையும்

முன்னுரை

தமிழர் நூல் பயின்ற வரலாற்றை ஆராயப் புகுவோர் அரசவை, மடம், பள்ளி என்னும் மூன்று நிலையங்களையே பெரிதும் நாடிச் செல்வர். மனை என்னும் நான்காவது நிலையம் அவ்வரலாற்றில் இடம் பெறுதல் அரிது. கல்வெட்டுகள் மனையை நிலமும் வரியும் பற்றியே குறிக்கின்றன. இலக்கியங்கள் காதலும் விருந்தோம்பலும் பற்றியே பாடுகின்றன. ஒரு குடும்பம் எவ்வாறு நூல் பயின்றது, அப்பயிற்சியின் பொருட்டு எதனை விட்டது, எதனைக் காத்தது என்னும் வினாக்களுக்கு இவ்விரண்டும் நேரே விடை தருவதில்லை.

காஞ்சிபுரத்தை அடுத்துள்ள கூரம் என்னும் சிற்றூர் இவ்வகையில் நமக்கு ஓர் அரிய வாய்ப்பை அளிக்கிறது. படிப்பினைப் பற்றிய இருவேறு சான்றுகள் இவ்வூர்ப் பெயரோடு தொடர்புற்று நிற்கின்றன. ஒன்று, முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு. மற்றொன்று, இவ்வூரில் தோன்றிய கூரத்தாழ்வானின் இல்வாழ்வு குறித்து வைணவக் குருபரம்பரை நூல்களும் வியாக்கியானங்களும் கூறும் செய்திகள். முன்னதை வரலாற்றாசிரியரும் பின்னதைச் சமய அன்பரும் தனித்தனியே போற்றி வருகின்றனர். இரண்டினையும் ஒருங்கு வைத்து நோக்கின், நூற்பயிற்சி இல்லறத்தின் தேர்வுகளோடு எவ்வளவு நெருங்கிப் பிணைந்தது என்பது புலனாகும். அதனைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மண்டபத்திற்கு ஒரு பங்கு

முதலாம் பரமேசுவரவர்மன் கி. பி. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவன். அவன் அளித்த கூரம் செப்பேட்டை ஊல்ச்சு என்னும் செருமானிய அறிஞர் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் 1890ஆம் ஆண்டு பதிப்பித்தார். சாளுக்கிய விக்கிரமாதித்தனோடு பெருவளநல்லூரில் நிகழ்ந்த போரை விரித்துரைப்பதால் அரசியல் வரலாற்றில் இப்பட்டயம் பெரும்புகழ் பெற்றது. நமக்கு வேண்டுவதோ போர் முடிந்த பின்னர் வரும் பகுதி.

பரமேசுவரமங்கலம் என்னும் ஊர் 25 பங்காக வகுக்கப்பட்டது. அவற்றுள் 3 பங்கு கூரத்துக் கோயிலின் பூசைக்கும் பழுது பார்த்தலுக்கும் உரியன. ஒரு பங்கு மண்டபத்திற்கு நீரும் நெருப்பும் தருவதற்கு. ஒரு பங்கு அம்மண்டபத்திற் பாரதம் படிப்பதற்கு. எஞ்சிய 20 பங்கு நான்மறை வல்லார் இருபதின்மருக்கு. தமிழகத்திற் கோயிலிற் பாரதம் படிப்பதற்கு அறக்கட்டளை ஏற்பட்டமைக்குரிய மிகப் பழைய சான்றுகளுள் இது தலையாயது.

இவ்வகுப்பிற் கருதத்தக்கன இரண்டு உள. நீரும் நெருப்பும் எவ்வளவு இன்றியமையாதனவாகக் கருதப்பட்டனவோ அவ்வளவே படிப்பும் கருதப்பட்டது. இரண்டிற்கும் ஒரே அளவான பங்கு. குடிக்க நீர், ஒளிக்கும் குளிருக்கும் நெருப்பு, கேட்கப் பாரதம் என்னும் இம்மூன்றும் அமைந்த இடமே மண்டபம் என்பது பட்டயத்தின் கருத்து. இது முதலாவது. இனி, பகுக்கப்பட்ட வருவாய் நிலத்தின் விளைவு மட்டுமன்று. செக்கு, தறி, அங்காடி, தரகு முதலிய ஊர்ப்பொதுவான வருவாய்களும் அதில் அடங்கும். பாரதம் படித்தவன் உண்ட சோற்றில் செக்காட்டியவன் உழைப்பும் தறியில் இருந்தவன் உழைப்பும் கலந்திருந்தன என்க. பட்டயம் படிப்பவனுக்குப் பங்கு வகுக்கிறது. கேட்பவரை அது பெயர் சுட்டவில்லை. படிப்பு என்னும் தொழிலின் செலவை ஊர் முழுவதும் தாங்கியது என்னும் அளவிலேயே நாம் துணிதல் வேண்டும்.

கோயிலின் பெயரும் நோக்கத்தக்கது. வித்யாவினீத பல்லவ பரமேசுவர கிருகம் என்பது அது. கல்வியால் அடக்கம் எய்தியவன் என்பது அரசன் பூண்ட விருது. கிருகம் என்பது மனை. கடவுளின் மனையில் நூல் ஒலித்தது. அவ்வொலி மாந்தர் மனைக்குட் புகுந்ததா என்பதே அடுத்து எழும் வினா.

2. கேட்டவள் வீடு திரும்புதல்

இவ்வினாவிற்குச் செப்பேட்டினும் காவியமே தெளிவான விடை தருகிறது. பரமேசுவரவர்மனுக்குச் சற்று முற்பட்டவரும் அரசன் ஹர்ஷனின் அவைப்புலவருமாகிய பாணபட்டர் தம் காதம்பரியில் ஒரு நிகழ்ச்சியை அமைத்துள்ளார். உச்சயினி அரசி விலாசவதி மகாகாளர் கோயிலுக்கு வழிபடச் செல்கிறாள். ஆங்குப் பாரதம் படிக்கப்படுகிறது. மகப்பேறு இல்லாதார்க்கு நற்கதி இல்லை என்னும் பகுதி அவள் செவியில் விழுகிறது. அரண்மனைக்குத் திரும்பியவள் ஊணும் அணியும் வெறுத்து அழுதிருக்கின்றாள். கதையின் போக்கே அங்குத் திரும்பிவிடுகிறது.

இது புனைகதை, வடபுலத்துச் செய்தி. ஆயினும் கோயிலிற் பாரதம் படித்தல் என்னும் வழக்கினை அக்காலத்துக் கற்றோர் எவ்வாறு உணர்ந்தனர் என்பதற்கு இது நற்சான்று. பொது இடத்திற் படிக்கப்பட்ட நூல் ஒரு பெண்ணின் செவி வழியாக மனைக்குட் சென்று, அங்குள்ளார் உண்ணுதலையும் உண்ணாமையையும் மாற்றவல்லது என அவர்கள் அறிந்திருந்தனர். கையில் ஏடு இல்லாதாள் ஒருத்தியே ஈண்டு நூலின் மெய்யான வாசகியாகிறாள். அவள் தானே ஓர் எழுத்தையும் படிக்கவில்லை. நூலின் முழுச்சுமையும் அவள்மேல் விழுந்தது. பண்டைப் படிப்பு முறையை ஆராய்வோர் எழுத்தறிவினை மட்டும் அளவுகோலாகக் கொள்வாராயின் இத்தகையோர் அனைவரும் கணக்கினின்றும் விடுபட்டுப் போவர்.

3. நினைவே ஏடாதல்

பட்டயத்திற்கு ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டு கழித்து அதே கூரத்திற் கூரத்தாழ்வான் தோன்றினார். அவர் பிறந்தது கி. பி. 1010 என்பது வைணவ மரபு. இராமானுசரின் முதன்மை மாணாக்கராகிய இவர் பஞ்சத்தவம் எனப்படும் ஐந்து வடமொழித் துதிநூல்களை இயற்றியவர். இவர் வாழ்வைக் கூறும் ஆறாயிரப்படி குருபரம்பரையைப் பின்பழகிய பெருமாள் சீயர் மணிப்பிரவாள நடையில் எழுதினார். அந்நூல் ஆழ்வான் காலத்திற்கு ஒரு நூற்றாண்டிற்கு மேற்பட்டுத் தோன்றியது. அதன் ஆசிரியர் நம்பிள்ளையின் மாணாக்கர். ஆழ்வானைப் பற்றிய பல செய்திகளைத் தரும் ஈடு முப்பத்தாறாயிரப்படியும் நம்பிள்ளையின் விரிவுரையே. ஆதலின் நமக்குக் கிட்டும் செய்திகளுட் பெரும்பகுதி ஒரே மாணாக்கர் குழுவின் வழியாக வந்தது என்பதை மனங்கொள்ளுதல் வேண்டும்.

இச்செய்திகளை அணுகுவோர் இருதிறத்தர். அன்பர் இவற்றை அப்படியே நிகழ்ந்தனவாகக் கொள்வர். வரலாற்றாசிரியர் இவற்றைக் கட்டுக்கதையென ஒதுக்குவர். இரு திறத்தாரும் ஒரு பயனை இழக்கின்றனர் என்பது எம் கருத்து. இவை ஆழ்வானின் நாட்குறிப்பல்ல. ஆயின், நூல் பயில்வதையே வாழ்வாகக் கொண்ட ஒரு குழுவினர் தம் முன்னோர் இல்வாழ்வில் எவ்வெவற்றை எழுதி வைக்கத்தக்கன என மதித்தனர் என்பதை இவை ஐயமின்றிக் காட்டுகின்றன. அவர்தம் மதிப்பீடே ஈண்டு நமக்கு வரலாறு.

முதலில் படிப்பு முறையைப் பற்றிய செய்தியைக் காண்போம். போதாயன விருத்தியைத் தேடி இராமானுசரும் ஆழ்வானும் காசுமீரம் சென்றனர். பெற்ற நூலை அந்நாட்டுப் பண்டிதர் இடைவழியிற் பறித்துக்கொண்டனர். இராமானுசர் வருந்தி நிற்க, ஆசிரியர் உறங்கிய இரவுகளில் தாம் அந்நூலைப் பயின்று நெஞ்சில் இருத்தியமையை ஆழ்வான் தெரிவித்தார் என்பது கதை. பிறகு ஸ்ரீபாடியம் எழுதப்பட்டபோது ஆழ்வானே ஏடெழுதினார். தமக்கு உடன்பாடில்லாத கருத்து வருமாயின் எழுதுகோலை நிறுத்திவிடுதல் வேண்டும் என்பது ஆசிரியர் இட்ட கட்டளை. உயிரின் இலக்கணம் கூறுமிடத்தில் அவ்வாறே எழுத்தாணி நின்றது. ஆசிரியர் முதலிற் சினந்து பின்னர் உடன்பட்டார் என்பர்.

நூலைக் கையில் வைத்திருப்பவன் அதனை இழப்பான், நெஞ்சில் வைத்திருப்பவன் இழவான் என்பது முதற்கதையின் கருத்து. நெஞ்சில் வைத்திருப்பவன் வெறுங்கொள்கலன் அல்லன், ஆராய்ந்து தடுக்கவும் வல்லவன் என்பது இரண்டாம் கதை. மனப்பாடத்தை எந்திரச் செயலென இகழும் இக்காலத்தார் இவ்விரண்டினையும் சேர்த்தே படித்தல் வேண்டும். பின்னாளிற் சோழன் அவையில் கண்ணிழந்த ஆழ்வான் அதன் பின்னரும் துதிநூல் பாடினார் என்று மரபு கூறுவதும் இக்கருத்தை வலியுறுத்துகிறது. கண் போன பின்னும் படிப்புப் போகவில்லை.

4. பொன் வட்டிலும் மழை இரவும்

நெஞ்சை ஏடாக்கிக்கொள்ளுதல் ஓய்வுடையார்க்கே இயலும். அவ்வோய்வை யார் அளித்தனர் என்னும் வினா நம்மை ஆழ்வான் மனைக்குள் அழைத்துச் செல்கிறது.

கூரத்தில் ஆழ்வான் பெருஞ்செல்வர். நாள் முழுதும் அன்னமிட்டு இரவில் அவர் மாளிகைக் கதவை அடைக்கும் ஓசை காஞ்சிக் கோயிலிற் கேட்டதென்றும், அதனைப் பெருந்தேவித் தாயார் வினவியதாக அறிந்து ஆழ்வான் நாணிச் செல்வத்தைத் துறந்தார் என்றும் கூறுவர். அவரும் மனைவியார் ஆண்டாள் அம்மையாரும் திருவரங்கம் நோக்கி நடந்தனர். காட்டு வழியில், ‘ஈண்டு அச்சம் உண்டோ?’ என அம்மையார் வினவினார். மடியிற் கனம் இருந்தாலன்றோ வழியிற் பயம் என்பது ஆழ்வான் விடை. கணவர் உண்பதற்கென ஒரு பொன் வட்டிலை எடுத்து வந்ததாக அம்மையார் கூற, ஆழ்வான் அதனை வாங்கி எறிந்துவிட்டார்.

இக்கதையைத் துறவின் பெருமைக்கு எடுத்துக்காட்டாகவே அனைவரும் கூறுவர். இல்லறத்தின் கண்கொண்டு பார்ப்பின் அம்மையார் செயலும் ஒரு தேர்வாகும். ஒரு பெருமனையை விட்டு நீங்குகையில் அவர் அணிகலன் எதனையும் எடுத்து வந்ததாகக் கதை கூறவில்லை. எடுத்தது உண்கலம், அதுவும் தமக்கன்று. மனையை விட்டவர் கணவர்; மனையின் ஒரு துண்டை மடியிற் கட்டிக்கொண்டவர் மனைவி. கதை கணவரின் தேர்வைப் புகழ்ந்து, மனைவியின் தேர்வை அச்சத்தின் காரணமாகக் காட்டி முடிக்கிறது.

திருவரங்கத்தில் அவர்கள் நாள்தோறும் கொண்டுவரும் தானியத்தால் வாழ்ந்தனர். மறுநாளைக்கென எதுவும் வைப்பதில்லை. ஒருநாள் பகல் முழுதும் மழை. வெளியே செல்ல இயலவில்லை, அன்று உணவில்லை. இரவில் கோயிலின் அரவணை மணி ஒலித்தது. உன் அடியார் பட்டினி கிடக்க நீ அமுது செய்கின்றாயோ என அம்மையார் நெஞ்சில் நினைத்தார். சற்று நேரத்திற் கோயிற் பரிசனத்தாரோடு அமுது வீடு வந்தது. ஆழ்வான் மனைவியாரை நோக்கி, நீ ஏதேனும் நினைத்தனையோ என வினவி உண்மை அறிந்தார்; இரு திரளை மட்டும் ஏற்றுத் தாமும் உண்டு அவர்க்கும் அளித்தார். அதன் பயனாகவே இரு மைந்தர் பிறந்தனர் என்பது மரபு.

கூரத்துப் பட்டயத்தின் ஒழுங்கும் இம்மனையின் ஒழுங்கும் ஈண்டு நேரெதிராக நிற்கின்றன. அங்கே பாரதம் படிப்பவனுக்கு 25இல் ஒரு பங்கு நிலையாக வந்தது. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அவன் உண்டான். இங்கே படிப்பாளியின் வீட்டில் ஒருநாள் மழை ஒருநாட் பட்டினி. படிப்பை நிலத்தினின்றும் விடுவித்தல் உயர்ந்த கொள்கையே. ஆயின் அக்கொள்கையின் விலையை அடுப்படியில் இருந்தவரும் சேர்ந்தே செலுத்தினார். குருபரம்பரைக்காரர் இதனை அறியாதவர் அல்லர். அம்மையார் ஒரு சொல்லும் வாய்விட்டுக் கூறவில்லை, நினைத்தது மட்டுமே. அந்நினைவினைத் தெய்வமே கேட்டு விடையிறுத்ததாக அவர்கள் எழுதினர். ஆழ்வானின் வினாவிற் சிறிது கடிவு தொனிக்கலாம். கதையின் அமைப்போ அம்மையார் பக்கமே நிற்கிறது. அவர் நினைவு குற்றமாயின் அதன் பயன் பராசரபட்டராக இருத்தல் இயலாதன்றோ? புகழுரைக்குள் உறைந்து கிடக்கும் இம்முறையீட்டைக் காணாது செல்வது திறனாய்வாகாது.

5. மைந்தர் பெயரும் மகன் வினாவும்

பிறந்த மைந்தர்க்கு இராமானுசர் பராசரபட்டர், வேதவியாசபட்டர் எனப் பெயரிட்டார். ஆளவந்தார் திருமேனியின் மடங்கிய மூன்று விரல்கள் முன் அவர் கூறிய உறுதிமொழிகளுள் பராசர வியாசர்க்கு நன்றி செலுத்துதலும் ஒன்று. பராசரர் விட்டுணு புராணத்தின் ஆசிரியர். வியாசர் பாரதத்தின் ஆசிரியர். 7ஆம் நூற்றாண்டில் எந்நூலைப் படிப்பதற்குக் கூரத்து மண்டபத்தில் ஒரு பங்கு நிலம் வகுக்கப்பட்டதோ, அந்நூலின் ஆசிரியர் பெயரே கூரத்துக் குடும்பத்து மகவின் பெயராயிற்று. முன்பு நூலுக்கு நிலம். பின்பு நூலுக்கு மகன். இவ்விரண்டிற்கும் நேரான தொடர்பு உண்டென யாம் வற்புறுத்தவில்லை. நூல் பொது மண்டபத்தினின்றும் குடும்பத்தின் நாளாந்த அழைப்புச் சொல்லாக மாறிய நிலையினையே சுட்டுகிறோம். தாய் தன் மகனைச் சோறுண்ண அழைக்கும்போதெல்லாம் ஒரு நூலாசிரியனை அழைத்தாள்.

அம்மனையிற் படிப்பு எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. சிறுவர் பராசரபட்டர் திருவாய்மொழியின் ஒரு தொடரைப் பற்றித் தந்தையை வினவினார். சிறுமையும் பெருமையும் ஒருவரிடமே பொருந்தக் கூறும் தொடர் அது. முரண்பட்ட இரண்டும் ஓரிடத்து எவ்வாறு சேரும் என்பது வினா. ஆழ்வான் இலக்கணம் கூறவில்லை. உரைநூல் எதனையும் எடுக்கவில்லை. தம் வீட்டிற்கு வந்து போகும் முதலியாண்டான், எம்பார் முதலிய பெரியோரைச் சுட்டி, வடிவாற் சிறியராயும் ஞானத்தாற் பெரியராயும் உள்ள இவர்களைக் காண்பாயாக என்றார்.

திறனாய்வு நோக்கில் இது உயர்ந்த விளக்கம். நூலின் சொல்லுக்குப் பொருள் நூலுக்கு வெளியே, பிள்ளை நாள்தோறும் காணும் மாந்தரிடத்து இருக்கிறது. வியாக்கியான ஆசிரியர் இவ்வீட்டுப் பேச்சை ‘ஐதிகம்’ என்னும் பெயரால் உரைக்குள் சேர்த்தனர். இன்று நம் வகுப்புகளில் ஈட்டினைப் பயிலும் மாணவர் சொற்பொருளையும் தத்துவத்தையும் எடுத்துக்கொண்டு ஐதிகத்தைக் கதையெனத் தள்ளுகின்றனர். உரையின் பொருள் முடிபு பல இடங்களில் அவ்வைதிகத்திலேயே கிடக்கிறது.

அம்மையார் கற்றறிந்தாரோ என்னும் வினாவிற்கும் மரபிற் குறிப்பு உண்டு. தம் மகனாகிய பட்டரின் ஸ்ரீபாத தீர்த்தத்தை அவர் ஏற்பதைக் கண்டு ஒருவர் வினவ, சிற்பி தான் செதுக்கிய திருமேனியையே பின்னர் வணங்குவதில்லையா என்று அவர் விடை கூறினாராம். உவமையால் வழக்கை நிறுவும் இம்முறை உரையாசிரியர்க்கு உரியது. காட்டில் ஒரு வினாவும், மழையிரவில் ஒரு நினைவுமாக மட்டுமே வந்த அம்மையார் ஈண்டு முழு வாதத்தோடு நிற்கின்றார். அவர் ஏடு பயின்றதை எந்நூலும் கூறவில்லை. நூல் பயின்ற வீட்டில் வாழ்ந்ததன் பயன் அவர் சொல்லில் விளைந்திருத்தலை மறுக்கவும் இயலாது.

6. ஏடு இருந்த இடம்

இக்குடும்பச் செய்திகள் எழுத்தாகிய வரலாறும் ஒரு மனையிலேயே முடிகிறது. நம்பிள்ளை பகலிற் கூறிய திருவாய்மொழி விரிவுரையை வடக்குத் திருவீதிப்பிள்ளை கேட்டு, இரவில் தம் வீட்டில் ஏட்டில் எழுதிவந்தார். ஒருநாள் நம்பிள்ளை அவர் மனைக்கு விருந்தாக எழுந்தருளியபோது, வழிபாட்டு இடத்தில் ஏட்டுக்கட்டு இருப்பதைக் கண்டார். தம் அனுமதியின்றி எழுதப்பட்ட அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. படி என்பது 32 எழுத்துக் கொண்ட அளவு. 36,000 படி என்பதை எண்ணினால் அவ்வீட்டு விளக்கில் எரிந்த எண்ணெயின் அளவையும் ஒருவாறு எண்ணலாம்.

ஏடு கடவுளுடன் ஒரே இடத்தில் வைக்கப்பட்டது காவலும் ஆயிற்று, தடையும் ஆயிற்று. வழிபடப்படும் ஏடு அழியாது, அடிக்கடி அவிழ்க்கவும்படாது. பிற்காலத்தில் உ. வே. சாமிநாதையர் சுவடி தேடி வீடுவீடாகச் சென்றபோது கண்ட நிலையும் இதுவே. போற்றி வைத்த வீடுகளும் உண்டு. பயனறியாது ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட வீடுகளும் உண்டு. 1887இற் சிந்தாமணியும் 1892இற் சிலப்பதிகாரமும் 1894இற் புறநானூறும் அச்சேறியமைக்கு அவர் உழைப்புக் காரணம். பல தலைமுறையாக எதனை விடுவது, எதனை வைப்பது எனத் தேர்ந்து வந்த மனைகளும் காரணம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். பண்டைத் தமிழகத்திற் படிப்பு பொதுவிடத்தில் ஒருவர் படிக்கப் பலர் கேட்டலாகவும், மனையில் நினைவு, உரையாடல், பெயரிடுதல், உணவு ஆகியவற்றோடு கலந்ததாகவும் இருந்தது. கூரம் செப்பேடு முன்னதன் பொருளியலைக் காட்டுகிறது. கூரத்தாழ்வான் கதைகள் பின்னதன் பொருளியலைக் காட்டுகின்றன. பின்னதிற் பங்கு வகுக்கும் பட்டயம் இல்லாமையால், அதன் செலவைத் தாங்கியோர் பெயர் கதைகளின் ஓரத்திலேயே தென்படுகிறது. அவ்வோரத்தைப் படித்தல் ஆராய்ச்சியாளர் கடமை. ஈட்டிலும் பிற வியாக்கியானங்களிலும் வரும் இல்வாழ்க்கைச் செய்திகள் அனைத்தும் பொருள்வாரியாகத் தொகுக்கப்படுமாயின் தமிழர் படிப்பு வரலாற்றில் ஒரு புதிய இயல் தோன்றும். முதுகலை மாணவர் இப்பணியை மேற்கொள்ளுதல் நன்று.

ஊர் வருவாயிற் படிப்பிற்கு ஒரு பங்கு என்னும் கூரத்து நெறி முற்றும் மறைந்துவிடவில்லை. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், இரங்கநாதன் அவர்களின் முயற்சியால், வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்துப் பெற வழி செய்தது. அதனால் ஒவ்வொரு மனையும் ஊர்ப் படிப்பகத்திற்குத் தன் பங்கினைச் செலுத்தி வருகிறது. அப்படிப்பகத்தில் ஒலிப்பது மீண்டும் மனைக்குள் வருதல் வேண்டுமாயின், வீட்டில் எவர்க்கு ஓய்வு, எவர்க்கு உழைப்பு என்னும் மழையிரவின் வினாவிற்கும் விடை காணுதல் வேண்டும்.